செம்மறியாட்டின் பூர்வீகமும் நம் தோட்டத்து மழையும்



தோட்டத்து வீடுகளில் ஆடு வளர்க்கும் தாய்மார்கள் சில வேளைகளில் இப்படிச் சொல்லி வருந்துவதைக் கேட்டிருப்பீர்கள்: "நேற்றுச் சாயங்காலம்கூட மந்தையோடு மேய்ந்துவிட்டுத்தான் வந்தது. விடிந்து பார்த்தால் பட்டியில் விழுந்து கிடக்கிறது. யாருடைய கண் பட்டதோ!" ஓர் ஆடு செத்தால், அதோடு ஒரு குடும்பத்தின் சேமிப்பும் போய்விடுகிறது. பிள்ளையின் பள்ளிச் செலவுக்கென்றும், தீபாவளிக்கென்றும், அவசர ஆத்திரத்துக்கென்றும் எண்ணி வைத்திருந்த பணம் அந்தப் பட்டியிலேயே செத்துக் கிடக்கிறது.

நேயர்களே, இப்படிப்பட்ட சாவுகளில் பல திடீரென்று வருபவை அல்ல. வாரக்கணக்கில் ஆட்டின் உடலுக்குள் நடந்து வந்த ஒரு காரியத்தின் முடிவைத்தான் நாம் ஒருநாள் காலையில் காண்கிறோம். அது என்ன என்பதையும், அதை முன்கூட்டியே கண்டுகொள்ளும் வழியையும் விஞ்ஞானிகள் ஆராய்ந்து சொல்லியிருக்கிறார்கள். அதைப் புரிந்துகொள்ள, முதலில் செம்மறியாட்டின் கதையைத் தெரிந்துகொள்ள வேண்டும். புதிதாக ஒருவரைச் சந்தித்தால், "உங்களுக்குப் பூர்வீகம் எந்த ஊர்?" என்று கேட்கிறோம் அல்லவா? ஆட்டிடமும் அந்தக் கேள்வியையே கேட்போம்.

செம்மறியாட்டின் பூர்வீகம் மேற்கு ஆசியா. துருக்கி, ஈரான் ஆகிய நாடுகளின் மலைச் சரிவுகளில் மூஃப்லான் என்னும் காட்டுச் செம்மறி இன்றும் வாழ்கிறது. நம் வீட்டுச் செம்மறிக்கு அதுவே மூதாதை என்று விஞ்ஞானிகள் முடிவு கட்டியிருக்கிறார்கள். எப்படித் தெரியும் என்று கேட்பீர்கள். ஒவ்வோர் உயிரின் உடலிலும் கண்ணுக்குத் தெரியாத சிறு உயிரணுக்கள் உள்ளன. அவற்றுக்குள்ளே குரோமோசோம் என்னும் நூலிழை போன்ற பொருள்கள் இருக்கின்றன. தாய் தந்தையின் குணங்கள் பிள்ளைக்கு வருவது அவற்றின் வழியாகத்தான். வீட்டுச் செம்மறிக்குக் குரோமோசோம் 54, மூஃப்லானுக்கும் 54. யூரியல் என்னும் மற்றொரு காட்டுச் செம்மறிக்கு 58. பெரிய கொம்புள்ள ஆர்காலிக்கு 56. இந்தக் கணக்கோடு இரத்தவழிச் சோதனைகளும் சேர்ந்து மூஃப்லானையே சுட்டுகின்றன. வெள்ளாட்டுக்கு 60 குரோமோசோம்கள். வெள்ளாடும் செம்மறியும் ஒரே பட்டியில் படுத்தாலும் அவை வேறு வேறு சாதி என்பதற்கு இதுவும் ஒரு சான்று.

மனிதன் எப்போது இந்த ஆட்டைப் பிடித்து வளர்த்தான்? மத்தியத் துருக்கியில் அஷிக்லி ஹோயுக் என்னும் பழைய குடியிருப்பை ஆராய்ச்சியாளர்கள் தோண்டிப் பார்த்தார்கள். ஏறக்குறைய 10,000 ஆண்டுகளுக்கு முந்திய மண் அடுக்குகளில், வீடுகளுக்கு இடையிலேயே ஆட்டுப் புழுக்கை படிந்து கிடந்தது. எலும்புகளை ஆராய்ந்தபோது, இளங்கிடாய்களே பெரும்பாலும் கறிக்கு வெட்டப்பட்டதும், பெட்டை ஆடுகள் விட்டுவைக்கப்பட்டதும் தெரிந்தது. வேட்டைக்காரன் அப்படிப் பார்த்து வெட்டுவதில்லை. வளர்ப்பவன்தான் குட்டி போடும் ஆட்டைக் காப்பாற்றுவான். இந்த ஆய்வு 2014இல் வெளிவந்தது. பின்னர் 2019இல், மண்ணில் தங்கியிருந்த சிறுநீர் உப்பை அளந்தும், அங்கே மந்தை கட்டப்பட்டிருந்ததை உறுதி செய்தார்கள்.

அந்தக் காலத்து ஆட்டுக்கு இன்றுள்ளது போன்ற கம்பளி கிடையாது, உரோமம்தான். கம்பளி ஆடு சில ஆயிரம் ஆண்டுகள் கழித்தே பரவியது. நம் பாட்டன்மார் விட்டு வந்த தமிழ்நாட்டில் உள்ள மேச்சேரி, ராமநாதபுரம் வெள்ளை முதலிய இனங்களும் இன்றுவரை உரோம ஆடுகளே.

மலேசியாவில் மலின் என்று பெயர் பெற்ற சிறிய நாட்டுச் செம்மறி கம்பங்களில் வளர்ந்து வந்தது. 1970களில், ரப்பர் மரங்களுக்கு இடையே வளரும் புல்லையும் களையையும் ஆட்டைக் கொண்டே குறைக்கலாம் என்ற எண்ணம் வலுத்தது. ரப்பர் ஆராய்ச்சிக் கழகம் இதற்கான பரிசோதனைகளை நடத்தியது. கறி அதிகம் கிடைக்க வேண்டும் என்பதற்காக, இங்கிலாந்தைச் சேர்ந்த டோர்செட் ஹோர்ன் இனத்தை மலினோடு கலந்து பார்த்தார்கள். களை வெட்டும் செலவு குறைந்தது. ஆட்டு எருவும் மண்ணுக்குக் கிடைத்தது. ஆனால் ஆட்டின் பூர்வீகக் குணங்களும் அதனோடேயே தோட்டத்துக்குள் வந்தன. அவற்றில் மூன்றை மட்டும் இன்று கவனிப்போம்.

முதலாவது, அதன் மேய்ச்சல். ஆட்டுக்கு மேல்தாடையின் முன்புறத்தில் பல் இல்லை. கெட்டியான ஈறுதான் உண்டு. கீழ்ப்பல்லையும் அந்த ஈறையும் கொண்டு புல்லைப் பற்றி இழுக்கும். வெள்ளாடு தலையை உயர்த்தித் தழையைத் தேடும். செம்மறியோ தரையோடு தரையாகப் புல்லைக் கறிக்கும். விழுங்கியதை மறுபடி வாய்க்குக் கொண்டுவந்து அசை போடும். அதன் வயிறு நான்கு அறைகளைக் கொண்டது. முதல் அறையில் கோடிக்கணக்கான நுண்ணுயிர்கள் புல்லைப் புளிக்கவைத்துச் சத்தாக்குகின்றன. நான்காவது அறைதான் நம் வயிற்றைப் போல அமிலம் சுரக்கும் உண்மையான இரைப்பை. நமக்கு வேண்டாத விருந்தாளி குடியிருப்பது அந்த நான்காவது அறையில்தான்.

அந்த விருந்தாளியின் பெயர் ஹீமாங்கஸ். இரத்தம் குடிக்கும் வயிற்றுப்புழு. பெண் புழு இரண்டு மூன்று சென்டிமீட்டர் நீளம் இருக்கும். சிவப்பும் வெள்ளையுமாக இரண்டு நூலை முறுக்கியது போலத் தோன்றும். ஒரு புழு ஒரு நாளைக்கு ஏறக்குறைய 0.05 மில்லி லிட்டர் இரத்தம் இழக்கச் செய்கிறது. இது ஒரு துளிதானே என்று எண்ணாதீர்கள். ஆயிரம் புழுக்கள் சேர்ந்தால் நாளுக்கு 50 மில்லி லிட்டர். இருபத்தைந்து கிலோ எடையுள்ள ஓர் ஆட்டின் உடலில் மொத்த இரத்தமே இரண்டு லிட்டருக்குக் குறைவு. கணக்கை நீங்களே போட்டுப் பாருங்கள்.

பெண் புழு நாள்தோறும் 5,000 முதல் 10,000 முட்டை வரை இடும். முட்டை புழுக்கையோடு தரையில் விழும். நம் நாட்டு வெப்பத்திலும் ஈரத்திலும் ஒரு வாரத்துக்குள் அது நுண்ணிய இளம்புழுவாகி, பனியும் மழையும் நனைத்த புல்லின்மேல் ஏறிக்கொள்ளும். ஆடு அந்தப் புல்லை மேயும்; புழு வயிற்றுக்குள் போகும்; சுமார் மூன்று வாரத்தில் முட்டையிடத் தொடங்கும். வறண்ட மலைச் சரிவில் இந்த இளம்புழுக்கள் வெயிலில் காய்ந்து மடிந்துவிடும். காட்டுச் செம்மறியும் ஒரே இடத்தில் நிற்பதில்லை. புல்லைத் தேடி நடந்துகொண்டே இருக்கும். நம் தோட்டத்திலோ ஆண்டு முழுவதும் மழை, மரநிழல், ஈரப்புல். ஆட்டையும் பட்டிக்கு அருகில் அதே இடத்திலேயே தினமும் விடுகிறோம். புழுவுக்கு இதைவிட என்ன வசதி வேண்டும்?

இரண்டாவது குணம், நோயை மறைப்பது. ஓநாயும் சிறுத்தையும் திரிந்த மலையில் தளர்ந்து நின்ற ஆடே முதலில் இரையாகும். ஆகவே எவ்வளவு பலவீனம் வந்தாலும் மந்தையை விட்டுப் பிரியாமல் ஒட்டிக்கொண்டே நடப்பது அதன் இயல்பு. அறிவில்லாமல் பிறர் பின்னால் போகிறவர்களை நாம் ஆட்டு மந்தை என்கிறோம். ஆனால் செம்மறி அறிவில்லாத பிராணி அன்று. இங்கிலாந்தில் நடந்த ஓர் ஆராய்ச்சியின் முடிவு 2001இல் வெளிவந்தது. செம்மறிகள் வேறு 50 ஆடுகளின் முகங்களைப் பிரித்தறிந்து, இரண்டு ஆண்டுகளுக்கு மேல் நினைவில் வைத்திருந்தன என்று அதில் கண்டார்கள். மந்தைதான் அதற்குப் பாதுகாப்பு. அதனால்தான் நேற்று மாலைவரை மேய்ந்த ஆடு இன்று காலையில் விழுந்து கிடக்கிறது. இந்தப் புழு நோயில் பெரும்பாலும் கழிச்சல்கூட இருப்பதில்லை. சில ஆடுகளுக்குத் தாடையின் கீழே பை போல நீர் கோத்துத் தொங்கும். அதைக் கண்டு கொழுப்பு வைத்திருக்கிறது என்று மகிழ்ந்துவிடக் கூடாது. அது இரத்தம் வற்றிப்போனதன் அடையாளம்.

ஆடு மறைத்தாலும் அதன் கண் மறைக்காது. தென்னாப்பிரிக்காவின் கால்நடை மருத்துவர் ஃபாஃபா மலான் என்பவரும் அவருடைய சகாக்களும் 1990களில் ஓர் எளிய முறையை வகுத்தார்கள். ஆட்டின் கீழ் இமையை மெல்ல இழுத்து, உட்புறத்தின் நிறத்தைப் பார்க்க வேண்டும். இரத்தம் நிறைந்திருந்தால் நல்ல சிவப்பு; குறையக் குறைய இளஞ்சிவப்பு; கடைசியில் காகிதம் போல வெளுப்பு. இந்த நிறங்களை ஐந்து படிகளாக ஓர் அட்டையில் அச்சிட்டார்கள். நான்காம் ஐந்தாம் படியில் உள்ள ஆட்டுக்குக் கட்டாயம் மருந்து வேண்டும். குட்டிக்கும் சினையாட்டுக்கும் மூன்றாம் படியிலேயே கொடுப்பது நல்லது. இதைப் பகல் வெளிச்சத்தில் செய்ய வேண்டும். பழகியவர் ஒருவரிடம் முதலில் கற்றுக்கொள்ள வேண்டும். ஒன்று முதல் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை, அடைமழைக் காலத்தில் வாரந்தோறும் பார்ப்பது உத்தமம். பள்ளிக்கூடம் போகும் பிள்ளைகள்கூட ஆட்டைப் பிடித்து உதவலாம்.

"எல்லா ஆட்டுக்கும் மாதாமாதம் பூச்சி மருந்து ஊற்றிவிட்டால் தொல்லை தீர்ந்தது" என்று சிலர் நினைக்கிறார்கள். அங்கேதான் ஆபத்து இருக்கிறது. தோட்டத்தில் களைக்கு மருந்தடிக்கும் தாய்மார்களுக்கு இது நன்றாகப் புரியும். கேழ்வரகு போலக் கதிர் விடும் ஒருவகைப் புல்லை முன்பு ஒரு மருந்தே கொன்றது. அதையே திரும்பத் திரும்ப அடித்ததில், சாகாமல் தப்பிய புல் மட்டும் விதைத்துப் பெருகியது. 1990களின் பிற்பகுதியில், அந்த மருந்துக்கு மசியாத புல் மலேசியத் தோட்டங்களில் கண்டறியப்பட்டது. வயிற்றுப்புழுவும் அப்படித்தான். 1961இல் தயபெண்டசோல் என்னும் நல்ல புழு மருந்து விற்பனைக்கு வந்தது. சில ஆண்டுகளிலேயே அதற்குச் சாகாத புழுக்கள் தோன்றின. 1990களில், பல மருந்துகளுக்கு மசியாத புழுக்களை மலேசிய ஆட்டுப் பண்ணைகளிலும் ஆராய்ச்சியாளர்கள் கண்டார்கள்.

ஆகவே மருந்து வேண்டிய ஆட்டுக்கு மட்டுமே மருந்து கொடுங்கள். ஒரு மந்தையில் உள்ள புழுக்களில் பெரும்பகுதியைச் சில ஆடுகளே சுமக்கின்றன. அவற்றைக் கண்டுபிடித்துக் கொடுத்தால் போதும். கொடுக்கும்போது ஆட்டின் எடைக்கு ஏற்ற முழு அளவு கொடுங்கள். பாதி அளவு கொடுத்து மருந்தை மிச்சம் பிடிப்பது, புழுவுக்குப் பயிற்சி கொடுப்பதற்குச் சமம். வெளியிலிருந்து வாங்கி வந்த ஆட்டைச் சில நாள் தனியாகக் கட்டி, புழுக்கையைக் கால்நடைச் சேவை இலாகாவில் பரிசோதித்த பின்பே மந்தையில் சேருங்கள்.

மருந்தில்லாமல் புழுவை ஏமாற்றவும் ஒரு வழி உண்டு. வெப்பமும் ஈரமும் மிகுந்த இடத்தில் இளம்புழு வேகமாகப் பிறக்கிறது. ஆனால் உணவில்லாமல் வேகமாகச் செத்தும் போகிறது. பசிபிக் கடலில் உள்ள தோங்கா தீவில் ஆராய்ச்சியாளர்கள் இதைப் பயன்படுத்திப் பார்த்தார்கள். மேய்ச்சல் நிலத்தைப் பத்துப் பங்காகப் பிரித்து, ஒரு பங்கில் மூன்றரை நாள் மட்டும் வெள்ளாடுகளை மேய விட்டார்கள். பிறகு ஏறக்குறைய ஒரு மாதம் அங்கே ஆட்டை விடவில்லை. முட்டை பொரித்துப் புல்லில் ஏறும் முன்பே ஆடு அடுத்த பங்குக்குப் போய்விட்டது. ஆடு திரும்பி வருவதற்குள் இளம்புழுக்களில் பெரும்பாலானவை மடிந்துவிட்டன. புழுவும் குறைந்தது, மருந்துச் செலவும் குறைந்தது. 1994இல் வெளிவந்த முடிவு இது. வெள்ளாட்டைத் தாக்கும் அதே புழுதான் செம்மறியையும் தாக்குகிறது என்பதால், இந்தப் பாடம் நமக்கும் பொருந்தும்.

தோட்டத்தில் பத்து வேலி போட முடியாவிட்டாலும், நிரை நிரையாக இடம் மாற்றி, மூன்று நான்கு நாள் மேய்த்த இடத்துக்கு ஒரு மாதம் போகாமல் இருக்க முயலலாம். நிர்வாகத்திடம் கேட்டு, அண்மையில் களை மருந்து அடித்த இடம் எது என்று தெரிந்துகொண்டு அதை விலக்க வேண்டும். காலையில் பனி காய்ந்த பிறகு ஆட்டை அவிழ்த்து விடுங்கள். பட்டியின் தரையை உயர்த்தி, புழுக்கை கீழே விழும்படி இடைவெளி விட்டுப் பலகை அடியுங்கள். கிடாய் வாங்கும்போது கொம்பையும் உடம்பையும் மட்டும் பார்க்காதீர்கள். மருந்தில்லாமலே கண் சிவந்திருக்கும் ஆட்டின் குட்டியைத் தேர்ந்தெடுங்கள். புழுவைத் தாங்கும் சக்தி ஓரளவு பரம்பரையாக வருகிறது. மேற்கிந்தியத் தீவுகளைச் சேர்ந்த பார்படோஸ் கருவயிற்று ஆடு என்னும் உரோம இனம் இதற்குப் பேர் போனது. அது மலேசியாவிலும் வளர்க்கப்படுகிறது.

குட்டிகளைப் பற்றியும் ஒரு வார்த்தை. செம்மறி ஐந்து மாதம் சினை சுமக்கிறது. மனிதக் குழந்தை தாயின் வயிற்றிலேயே ஓரளவு நோய் எதிர்ப்புச் சக்தியைப் பெற்றுப் பிறக்கிறது. ஆட்டுக்குட்டிக்கு அது கிடையாது. பிறந்த சில மணி நேரத்துக்குள் குடிக்கும் சீம்பாலிலிருந்துதான் அந்தச் சக்தி கிடைக்கிறது. ஒரு நாள் கடந்துவிட்டால் குட்டியின் குடல் அதை உறிஞ்சாது. ஆகவே சீம்பாலைக் கறந்து எடுத்துவிடாமல் முதலில் குட்டிக்கு ஊட்டுங்கள். ஈனும் காலத்தில் தாயாட்டின் எதிர்ப்புச் சக்தி குறைந்து, புழு முட்டை மிகுதியாக வெளிவரும். அந்த வாரங்களில் தாயின் கண்ணையும் கவனியுங்கள்.

மூன்றாவது குணத்துக்கு வருவோம். இது செம்பனைத் தோட்டத்தில் உள்ளவர்கள் முக்கியமாகக் கேட்க வேண்டியது. செம்மறியின் கல்லீரல் செம்பு என்னும் உலோகச் சத்தை இறுகப் பிடித்து வைத்துக்கொள்ளும். மாட்டைப் போல எளிதில் வெளியேற்றாது. செம்பு குறைந்த புல்லில் வாழ்ந்து பழகிய உடலின் சிக்கனம் இது என்று சில ஆராய்ச்சியாளர்கள் கருதுகிறார்கள். ஸ்காட்லாந்துக்கு வடக்கே நோர்த் ரோனல்சே என்னும் தீவில், 1832இல் சுவர் எழுப்பிச் செம்மறிகளைக் கடற்கரைப் பக்கம் ஒதுக்கிவிட்டார்கள். அவை கடற்பாசியைத் தின்றே தலைமுறை தலைமுறையாக வாழ்ந்தன. பாசியிலிருந்து அவற்றுக்குக் கிடைக்கும் செம்பு மிகச் சொற்பம். அந்த ஆடுகளைச் சாதாரண மேய்ச்சலுக்குக் கொண்டுவந்தால், செம்பு மிகுந்து செத்துப்போகும் அளவுக்கு அவற்றின் உடல் மாறியிருக்கிறது.

நம் ஆடு அவ்வளவு மோசமில்லை. ஆனால் செம்பனைக் கொட்டையின் பருப்பில் எண்ணெய் எடுத்த பிறகு கிடைக்கும் பிண்ணாக்கில், கிலோவுக்கு 20 முதல் 30 மில்லிகிராம் வரை செம்பு இருக்கிறது. மாட்டுக்கு அது நல்ல தீனி. அதையே முழுத் தீனியாகச் செம்மறிக்குப் போட்டால் செம்பு கல்லீரலில் சேர்ந்துகொண்டே போகும். மாதக்கணக்கில் ஒன்றும் தெரியாது. ஆடு கொழுகொழுவென்றுகூட இருக்கும். பிறகு ஒரு நாள் லாரியில் ஏற்றும்போதோ, பட்டினி கிடக்கும்போதோ, ஈனும்போதோ அந்தச் செம்பு இரத்தத்தில் கொட்டும். கண் மஞ்சளாகும், சிறுநீர் கறுத்த சிவப்பாகும், சில நாளில் ஆடு சாகும். மலேசிய ஆராய்ச்சியாளர்கள் இதை ஆராய்ந்து, துத்தநாகமும் மாலிப்டினமும் தக்க அளவில் தீனியில் சேர்த்தால் இந்தக் கேட்டைத் தடுக்கலாம் என்று கண்டிருக்கிறார்கள். அது வீட்டில் கைக்கணக்காகச் செய்யும் காரியம் அன்று. நாம் செய்யக்கூடியது, இந்தப் பிண்ணாக்கைச் சிறிதளவோடு நிறுத்தி, புல்லையும் தழையையும் முக்கியத் தீனியாகக் கொடுப்பது. மாட்டுக்கும் பன்றிக்கும் என்று செய்த தாது உப்பையும் தீவனத்தையும் செம்மறிக்குப் போடாதீர்கள். ஒரு காலத்தில் புழுவுக்காக மயில்துத்தக் கரைசலை ஆட்டுக்கு ஊற்றினார்கள். மயில்துத்தமும் செம்புதான். அந்தப் பழைய வைத்தியத்தை விட்டுவிடுவதே நல்லது.

நேயர்களே, ஒன்றை நினைத்துப் பாருங்கள். கண் வெளுத்திருந்தால் புழுவைச் சந்தேகிக்க வேண்டும்; கண் மஞ்சளாக இருந்தால் கல்லீரலைச் சந்தேகிக்க வேண்டும். இரண்டையும் காட்டுவது அந்த ஒரு சிறிய இமைதான். மஞ்சளைக் கண்டால் புழு மருந்தைத் தேடி நேரம் கடத்தாமல் உடனே கால்நடை மருத்துவரை அழையுங்கள்.

பத்தாயிரம் ஆண்டுகளுக்கு முன் மலையில் திரிந்த ஆட்டை மனிதன் தன் வீட்டருகே கட்டினான். ஓடித் தப்பும் வழியும், புல் மாற்றி மேயும் வழியும் அன்றோடு அதற்கு அடைபட்டன. அது தானாகச் செய்துகொண்டதை இனி நாம்தான் அதற்காகச் செய்ய வேண்டும். இந்த ஞாயிற்றுக்கிழமை, ஆட்டை அவிழ்க்கும் முன் ஐந்து நிமிடம் ஒதுக்கி, ஒவ்வோர் ஆட்டின் கண்ணையும் வெளிச்சத்தில் இமை விலக்கிப் பாருங்கள். பிறர் கண் பட்டதா இல்லையா என்ற விசாரணை பிறகு இருக்கட்டும். முதலில் நம் கண் படட்டும்.